தீவை விட்டுக் கிளம்பும் நாள்

அந்தமான் பயணத்தின் கடைசி நாளைப் பலரும் கணக்கில் வைப்பதில்லை. விமானம் ஏறும் நாள்தானே என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், பார்க்காமல் விட்ட இடங்களையெல்லாம் அந்த அரை நாளுக்குள் திணிக்கிறார்கள். இளவட்டங்கள் சேர்ந்து போகும் பயணத்துக்கு இது ஒத்துவரலாம். அறுபதைத் தாண்டிய அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போகும்போது ஒத்துவராது. நாலைந்து நாள் படகிலும் மணலிலும் வெயிலிலும் அலைந்த உடம்பு அன்றுதான் மிகவும் களைத்திருக்கும். கடல், வானிலை, விமான நேரம் என்று யார் கையிலும் இல்லாத விஷயங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்பதும் அன்றுதான். வயதானவர்களோடு போகிறவர்கள் பயணத் திட்டத்தைக் கடைசி நாளில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுவதே சரி.

சென்னையிலிருந்து அந்தமான் தலைநகர் வான்வழியில் 1,350 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரப் பயணம். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிவந்த அந்த நகருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. ஹேவ்லாக், நீல், ராஸ் தீவுகள் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் துவீப், ஷஹீத் துவீப், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் துவீப் என்று ஆகிவிட்டன. டிக்கெட்டிலும் பெயர்ப்பலகையிலும் புதிய பெயர்கள் இருக்கும். ஆட்டோக்காரர் பழைய பெயரைத்தான் சொல்வார். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால் ஜெட்டியில் குழப்பம் வராது.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனத்தில் வைக்க வேண்டும். அங்கே சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். இந்திய நேரம் கணிக்கப்படுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து. போர்ட் பிளேர் அதற்கும் 10 டிகிரி கிழக்கே இருக்கிறது. கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், சென்னையை விட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது விடிந்து பொழுது சாய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் கடலுக்குள் போய்விடும், ஐந்தரைக்கு இருட்டு. பெற்றோருக்கு இது ஒரு வகையில் வசதிதான். விடியற்காலையில் எழுந்து பழகியவர்கள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பால்கனியில் உட்கார்ந்து வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது அவர்கள் உடம்புக்கும் தீவின் பொழுதுக்கும் பொருந்தும். ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எதையும் தள்ளிப்போடக் கூடாது.

கடைசி நாளைக் கெடுப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய நாளின் ஒரு தவறான முடிவு. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை பிடித்துப்போய், கடைசி இரவையும் அங்கேயே கழித்துவிட்டு, மறுநாள் காலைப் படகில் போர்ட் பிளேர் வந்து மதிய விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுகிறார்கள். ஓர் இரவு வாடகை மிச்சம் என்பதால் சில பயண ஏற்பாட்டாளர்களும் இதையே பரிந்துரைக்கிறார்கள். தனியார் கேட்டமரான் படகு ஹேவ்லாக்கிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். அரசுப் படகுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். காகிதத்தில் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் காற்று பலமானால் படகு ஓடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலின் புயல்கள். இரண்டு காலத்திலும் படகுச் சேவை நிறுத்தப்படுவது புதிதல்ல.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் அதுதான் நடந்தது. அந்தமான் அருகே உருவான தாழ்வு மண்டலத்தால் படகுகள் நின்றுபோயின. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் கப்பல்களை அனுப்பி அவர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே தாழ்வு மண்டலம்தான் வலுப்பெற்று, வர்தா புயலாக டிசம்பர் 12 அன்று சென்னையில் கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களில் இளைஞர்கள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி அதை ஒரு கதையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஐந்து நாளுக்கு மட்டும் எண்ணி எடுத்து வந்த சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் தீர்ந்துபோன எழுபது வயதுக்காரருக்கு அது கதையல்ல. கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே கழிக்க வேண்டும். மாத்திரையைக் குறைந்தது நான்கு நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். தீவுக் கூட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை போர்ட் பிளேரில் இருப்பதும் அங்கே தங்குவதற்கு இன்னொரு காரணம்.

படகில் ஏறும்போது இருக்கையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பக்க ஜன்னலோரத்தில் காட்சி நன்றாகத் தெரியும். ஆட்டமும் அங்கேதான் அதிகம். நடுவிலோ சற்றுப் பின்னாலோ கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் வயிறு புரட்டுவது குறையும். குமட்டலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பல, வயதானவர்களுக்குத் தலைச்சுற்றலையும் தூக்கத்தையும் தரக்கூடியவை. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. படகில் ஏறும் நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் நீட்டும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

போர்ட் பிளேர் வந்து அறையில் பெட்டிகளை வைத்த பிறகு, அன்று இரவு செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. அது பெற்றோரின் கால்களைப் பார்ப்பது. நீண்ட காலம் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தபோது உடைந்த பவளத் துண்டோ சிப்பியோ கிழித்திருந்தாலும் வலி தெரியாது. ‘ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு’ என்று அம்மா சொல்வது பொய் அல்ல. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஈரத்தைத் துடைத்து, கட்டிலில் உட்கார வைத்துக் கைபேசி வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு மூன்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற கீறலாக இருந்தாலும் சோப்புத் தண்ணீரால் கழுவிக் கிருமிநாசினி மருந்து தடவ வேண்டும். பவளத் துணுக்கு உள்ளே தங்கிய புண் எளிதில் ஆறாது. பெற்ற தாயின் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பு பல பிள்ளைகளுக்கு வளர்ந்த பின் கிடைப்பதே இல்லை. மருத்துவக் காரணம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகுந்த வேலை.

விமானம் மதியத்துக்கு மேல் என்றால், காலையில் ஓர் இடம் பார்க்கலாம். ஒன்றுதான். அது எது என்பதைப் பெற்றோர் சொல்ல வேண்டும். நாலைந்து நாளாகப் பிள்ளைகள் போட்ட திட்டத்துக்குத் தலையாட்டி வந்தவர்கள், ‘உங்க இஷ்டம்தான்’ என்றுதான் முதலில் சொல்வார்கள். இரண்டாவது தடவை கேட்டால் மனதில் உள்ளது வெளியே வரும்.

தமிழ்நாட்டுப் பெற்றோரில் பலரும் கேட்பது செல்லுலார் ஜெயில். 1978இல் வந்த ‘அந்தமான் காதலி’யில் சிவாஜியோடும் சுஜாதாவோடும் தீவைப் பார்த்த தலைமுறை அது. அந்தச் சிறையைக் கதைக்களமாகக் கொண்ட ‘சிறைச்சாலை’ 1996இல் வந்தபோது தியேட்டரில் அழுதவர்களும் உண்டு. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த சிறை இது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. 1941இல் வந்த நிலநடுக்கத்திலும் அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் பின்னாளிலும் நான்கு கட்டடங்கள் அழிந்து, இப்போது மூன்று மிஞ்சியிருக்கின்றன. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

முழுச் சிறையையும் சுற்றிக் காட்ட வேண்டும் என்று முதியவர்களை இழுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறை போதும். நாலரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சிறு காற்றுத்துளை. ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்ததன் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமைந்திருப்பதால், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க வழியில்லை. கதவின் தாழ்ப்பாளைக் கவனிக்க வேண்டும். இரும்புத் தண்டு கதவிலிருந்து நீண்டு போய், தள்ளியிருக்கும் சுவர்ப் பள்ளத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. கம்பிக்கு வெளியே கைதி எவ்வளவு கையை நீட்டினாலும் பூட்டைத் தொட முடியாது. அந்தப் பள்ளத்தில் ஒரு முறை கையை வைத்துப் பார்த்தால், இதைக் கட்டியவர்கள் எவ்வளவு யோசித்துக் கட்டினார்கள் என்பது வழிகாட்டி சொல்லாமலே விளங்கும். மொட்டை மாடியிலிருந்து கடல் அழகாகத் தெரியும் என்பது உண்மைதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். சிறையின் வார விடுமுறை நாளையும் மதிய இடைவேளையையும் முதல் நாளே விடுதியில் கேட்டுக்கொள்வது நல்லது. சிறையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியைக் கடைசி நாளுக்கு முந்தைய இரவில் வைத்துக்கொள்ளலாம்.

ராஸ் தீவு இன்னொரு தேர்வு. 1858 முதல் 1941 வரை ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. இப்போது தேவாலயச் சுவரையும் வீட்டுச் சுவரையும் மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்க, இடையே புள்ளிமான்கள் மேய்கின்றன. நகரத்து ஜெட்டியிலிருந்து படகில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டி உண்டு. ஆனால் ஆடும் படகிலிருந்து கல்படியில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிக்கு இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும். வானம் மூடியிருந்தால் விட்டுவிடலாம்.

எங்கும் போக வேண்டாம், கோயிலுக்குப் போனால் போதும் என்பவர்களுக்குப் போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரம் அங்கே பெரிய விழா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அபர்தீன் பஜாரில் கடைக்காரரிடம் தமிழில் பேசத் தொடங்கினால் பாதி இடங்களில் தமிழிலேயே பதில் வரும். இந்தியும் ஆங்கிலமும் தெரியாத ஓர் அம்மா, பயணம் முழுவதும் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே தானே பேரம் பேசித் தானே வாங்குவார். அந்த ஒரு மணி நேரத்தை அவசரப்படுத்தக் கூடாது.

ஒரே இடம் போதும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் சகாக்களும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையைக் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைத்திருப்பது ஒரு முறை. அதே 60 விநாடியோடு, நீரின் குளிர் சற்றே குறையும் இன்னொரு 30 விநாடி கூடுதலாக வைத்திருப்பது மற்றொரு முறை. மறுபடியும் எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பான்மையோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு இதமாக இருந்தால் மொத்தமும் இதமாக நினைவில் நிற்கிறது என்பது அதன் பொருள். இதைச் சுற்றுலாவுக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்குப் போன மாணவர்களின் நினைவைத் தீர்மானித்தது கடைசி நாள் அல்ல, மறக்க முடியாத அல்லது வழக்கத்துக்கு மாறான ஒரு நாள்தான் என்று தெரிந்தது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு மற்றொன்றைக் காட்டியது. விடுமுறை முடிந்து வந்த பிறகும் மற்றவர்களை விட மகிழ்ச்சியாக இருந்தவர்கள், மிக நிதானமாக, அலைச்சலே இல்லாமல் விடுமுறையைக் கழித்தவர்கள் மட்டுமே. கடைசிக் காலையில் நான்கு இடங்களுக்கு ஓடுவதற்கு இந்த மூன்றில் எதுவும் துணை நிற்கவில்லை.

பெட்டி கட்டும்போது ஒரு சட்டப் பிரச்சினை எழும். கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளையும் சங்குகளையும் பேரக் குழந்தைகளுக்காகக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் நிறைய. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 முதல் கல்பவளங்கள் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கிய துண்டும் அதில் அடங்கும். விமான நிலையத்தில் பெட்டியை ஊடுகதிரில் பார்க்கும்போது அது பளிச்சென்று தெரிந்துவிடும். முதியவரை வரிசையிலிருந்து தனியே அழைத்து விசாரிக்கும் நிலை வரக்கூடாது என்றால், முதல் நாள் இரவே கேட்டு வாங்கிக் கடற்கரையில் போட்டுவிட வேண்டும். சட்டத்தைத் தாண்டியும் அதில் நியாயம் இருக்கிறது. கரையில் கிடக்கும் காலிச் சங்குதான் துறவி நண்டுக்கு வீடு. சங்குப் பொருள் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையிலோ அரசின் சாகரிகா விற்பனையகத்திலோ வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். கொப்பரைத் தேங்காயையும் விமானத்தில் எடுத்துப் போக முடியாது. எண்ணெய் நிறைந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் தடை.

மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்று உடை, இவையெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் இன்சுலின் உறைந்துபோகும் வாய்ப்புண்டு. உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. சக்கர நாற்காலி தேவை என்று விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். ‘நடக்க முடியாதவங்களுக்குத்தானே அது’ என்று அப்பா மறுப்பார். வீர் சாவர்க்கர் விமான நிலையத்தில் 2023 ஜூலையில் திறந்த புதிய முனையம் பெரியது. சோதனைக்கு நிற்கும் நேரம், விமானம் தாமதமானால் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் ஆரோக்கியமானவருக்கே கால் வீங்கும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பதிந்து வைத்துவிட்டு, அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம்.

மகனோ மகளோ ஸ்கூபா செய்ய விரும்பினால் அதையும் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது. நீருக்கடியில் அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த விமானத்தில் குமிழிகளாக வெளிவந்து மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கலாம். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது முக்குளிப்போருக்கான பொது வழிகாட்டுதல். நீரின் மேற்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்கு இது பொருந்தாது.

விமானத்துக்குள் உள்ள காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் வரையான உயரத்துக்குச் சமம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். ஊட்டியில் மூச்சு வாங்குகிறவர் விமானத்திலும் சிரமப்படுவார். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது அடைக்கும். வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு விழுங்கிக்கொண்டே இருந்தால் தளரும். வயதானால் தாக உணர்ச்சி மங்கிவிடும். கழிவறைக்கு எழுந்து போகத் தயங்கி, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்கள் அதிகம். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுத்தால் அந்தத் தயக்கம் பாதி தீரும்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒரு மாதம் வரை காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். அந்தமானில் எலிக்காய்ச்சல் நெடுங்காலமாக இருந்துவரும் நோய். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் காலில் உள்ள சிறு புண் வழியாகக்கூட அது உடம்பில் ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அதன் தொடக்க அடையாளங்கள். மலேரியாவும் அந்தத் தீவுகளில் அறியப்பட்டதே. இரண்டையும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தால் குணப்படுத்தலாம். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். போனதும் முதலில் அந்தமான் போய் வந்ததையும் எந்தத் தேதியில் திரும்பினார் என்பதையும் சொல்ல வேண்டும்.